நடைபாதைத் துறையின் மருத்துவக் கருத்து

கேள்வி ரொம்பச் சின்னது. ஒரு மூச்சில் கேட்டுவிடலாம், அரை மூச்சில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சின்னக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அக்கா போன் செய்தபோது நானே எடுத்து, நான் வீட்டில் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

அக்காவின் கணவர், எனக்கு மாமா, பஸ் கண்டக்டர். மூச்சிரைப்பு முற்றிப்போனதால் நுரையீரல் டாக்டர் அவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல அவ்வளவு இடம் கிடக்கு" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தும் அளவுக்கு மாமாவுக்கு மூச்சு திரும்பிவிட்டது. அந்தத் தெம்பில், டிரைவர் திடீர் பிரேக் போட்டபோது ஒரு பயணியின் தையல் மிஷினைத் தாங்கிப் பிடிக்கப் போனார். மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. காலையில் நிமிர்ந்து போன மனிதர் அரிவாள் மாதிரி வளைந்து வீடு திரும்பினார். அக்கா போன் செய்து, நானும் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டு அலமாரியில் வலி மாத்திரை இருந்தது. இபுப்ரோஃபென். டாக்டர் சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை, பளபளவென்று சிவப்புப் பூச்சு பூசினது. மாமா அதை வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அக்கா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. இதையும் சேர்த்துப் போடலாமான்னு யாரையாவது கேட்டீங்களா?"

"கடையில சும்மா விக்கிறாங்களே. ஆபத்துன்னா விப்பாங்களா?"

"கத்தியும்தான் கடையில சும்மா விக்கிறாங்க. அன்னிக்கு வயித்துப் புண்ணு முத்தி ரத்தமா வாந்தி எடுத்தீங்களே, அப்ப நீங்க மயக்கத்துல கிடந்தீங்க. முழிச்சுக்கிட்டு இருந்தது நான். இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால முடியாது. கேட்டுட்டு வந்து போடுங்க."

அக்கா எதற்கும் அழுகிற ரகம் இல்லை. அன்று கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த மாமா மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆஸ்பத்திரியின் சொந்த மருந்துக் கடை இருந்தது. இங்கேயே வேலை முடிந்துவிடும் என்று நினைத்து, இந்த இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டேன். "ஒரே பையில போட்டுத் தருவோம் சார். தனித்தனிப் பை வேணும்னா முன்னாடியே சொல்லிடணும்" என்றார் கடைக்காரர். அதற்கு மேல் கேட்டால் அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே ஒரு அதிசயம் நடந்தது. வளைந்தபடியே மாமா நுழைந்ததும், வரவேற்பு மேஜையில் இருந்த பெண் பதறி எழுந்து பதிலுக்குக் குனிந்தாள். வழியில் வந்த நர்ஸ் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டே வருகிறவர்கள். இப்படித் தரையைப் பார்த்தபடி வருகிற நோயாளியை அவர்கள் கண்டதில்லை. மாமாவின் இடுப்பு வலி அங்கே பணிவாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

"இது மரியாதை இல்ல, வலின்னு சொல்லிடுங்க மாமா" என்றேன்.

"சும்மா இருடா. வரிசையில நிக்காம உள்ள போயிட்டு இருக்கோம்ல" என்றார் அவர், தரையிடம்.

நுரையீரல் டாக்டர் ஒல்லியான மனிதர், நல்லவர். கேள்வியைக் கேட்டதுமே பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதை என் கண்ணால் பார்த்தேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பலகையில், 'தெளிவான எல்லைத் திட்டம்' என்று தலைப்பு. அதன் கீழே, 'உன் உறுப்பு உன்னுடையது, அடுத்தவர் உறுப்பு அடுத்தவருடையது' என்று எழுதி, டைரக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஸ்டீராய்டு என் மருந்து. அதைப் பத்தி என்ன வேணா கேளுங்க, விடிய விடிய சொல்றேன்" என்றார் டாக்டர். "வலி மாத்திரை என்னுது இல்லை. வலிப் பிரிவுல கேளுங்க."

"நீங்க படிச்சிருப்பீங்களே டாக்டர்."

"படிக்கிறப்ப எல்லாத்தையும் படிச்சோம். அப்ப எல்லை கிடையாது." சொல்லிவிட்டு மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

வலிப் பிரிவு டாக்டரம்மா சிரித்த முகம். சிவப்பு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சினார். "அருமையான மாத்திரை. தனியா இருந்தா தங்கம்."

"இவர் ஸ்டீராய்டும்…"

டாக்டரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அந்தப் பேரை என் காதுல போடாதீங்க. தெரிஞ்சுட்டா நான் பொறுப்பாயிடுவேன். தெரியாத வரைக்கும் நான் நிபுணர்."

"அப்ப ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமான்னு யார்தான் சொல்லுவாங்க?"

"என் பிரிவுக்கும் நுரையீரல் பிரிவுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"நடைபாதை."

"அப்ப அவங்கதான். ரெண்டு பிரிவுக்கு நடுவுல வர்ற எதுவா இருந்தாலும் நடைபாதைத் துறைக்குச் சொந்தம். திட்டத்துலயே இருக்கு." கதவைத் திறந்துவிடும்போது மாமாவின் குனிவைப் பார்த்துப் பூரித்து, "இப்படி ஒரு தன்மையான மனுஷனா!" என்று அவரும் கொஞ்சம் குனிந்தார்.

நடைபாதைத் துறைத் தலைவரின் அலுவலகம் நடைபாதையிலேயே இருந்தது. ஒரு சுவரோரம் அவருடைய மேஜை, எதிர்ச் சுவரோரம் அவருடைய உதவியாளரின் மேஜை. நடுவில் சக்கர நாற்காலிகளும் துணி வண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வண்டி கடக்கும்வரை காத்திருந்து சொல்வார். தரை துடைப்பது, பல்பு மாற்றுவது, 'வழுக்கும்' என்று பலகை வைப்பது, இவைதான் அந்தத் துறையின் பழைய வேலைகள். இப்போது மருத்துவத்தில் பாதி அவர் கையில் வந்திருந்தது. அதனால் அவர் கோட்டு போட ஆரம்பித்திருந்தார்.

"இந்த மாதிரி எவ்வளவோ பார்த்தாச்சு" என்றார் தலைவர். "முன்னாடி ஒருத்தர் வந்தார். கண்ணு மருந்தும் காது மருந்தும் ஒன்னா ஊத்தலாமான்னு கேட்டார். கண் பிரிவுக்கும் காது பிரிவுக்கும் நடுவுல நல்ல கம்பிக் கைப்பிடி போட்டுக் கொடுத்தோம். அதுக்கப்புறம் அவர் கேக்கவே இல்லை."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"அது நடைபாதையில ஆகலையே."

என் பொறுமை அங்கேயே தீர்ந்துவிட்டது. மாமாதான் என் முழங்காலைத் தட்டி அடக்கினார். அவருக்கு எட்டுகிற உயரத்தில் அதுதான் இருந்தது. அவர் கண்டக்டர். அவசரப்படுகிற கூட்டத்தைச் சமாளித்துப் பழக்கப்பட்டவர். தலைவரிடம் விளக்கமாகச் சொன்னார். "ஐயா, ரெண்டு பேர் தனித்தனியா பஸ்ல வந்தா ஒழுங்கா வருவாங்க. ஒன்னா ஏறினா அடிச்சுக்குவாங்க. அப்படி ஒரு கேஸ் இருக்கு. இவங்க ரெண்டு பேரையும் என் வயித்துக்குள்ள ஒன்னா ஏத்தலாமா, கூடாதா? எனக்கு வயித்துல ஏற்கெனவே புண்ணு வந்திருக்கு. வீட்டுல பயப்படுறாங்க. அவ்வளவுதான்."

"ஆய்வு செஞ்சுடுவோம்" என்றார் தலைவர். அவர் முகம் ஒளி வீசியது.

குழு கூடியது. சலவைத் துறைத் தலைவி வந்தார், வண்டி நிறுத்தத் துறைத் தலைவர் வந்தார், சட்ட ஆலோசகர் கருப்புக் கண்ணாடியோடு வந்தார். மருத்துவம் படித்தவர்கள் யாரும் அழைக்கப்படவில்லை. அவர்கள் ஒரு பக்கமாகப் பேசுவார்களாம். வாசல் கடையிலிருந்து ஒரு ஸ்டீராய்டும் ஒரு வலி மாத்திரையும் ஒரே பையில் வந்து சேர்ந்தன. தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்கள். டீ வந்தது. டீ போனது. மாத்திரைகள் அசையவில்லை.

"சண்டை போடலை" என்றார் வண்டி நிறுத்தத் தலைவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"வயிறு ஈரமான இடம். நனைச்சுப் பார்க்காம எப்படிச் சொல்றது?" என்றார் சலவைத் தலைவி. துணியோடு பழகியவர் இல்லையா! இரண்டையும் தண்ணீர் டம்ளரில் போட்டார்கள். சிவப்புப் பூச்சு கரைந்து தண்ணீர் ரோஜா நிறத்துக்குப் போனது.

"சாயம் போகுது! தனியாத்தான் அலசணும்!" என்று சலவைத் தலைவி எழுந்துவிட்டார். அன்றைக்கு அந்தக் குழுவில் மருத்துவ ரீதியாகச் சரியான ஒரே வார்த்தை அதுதான். யாரும் காதில் வாங்கவில்லை.

சட்ட ஆலோசகர் கையை உயர்த்தினார். "அவசரப்படாதீங்க. சேர்த்துச் சாப்பிடலாம்னு சொன்னா, ஏதாவது ஆனா நாம மாட்டுவோம். கூடாதுன்னு சொன்னா, அப்புறம் ஏன் ஒரே பையில போட்டு வித்தீங்கன்னு கேப்பாங்க, அப்பவும் மாட்டுவோம். அதனால உண்மை என்னவா இருந்தாலும் அது நமக்கு எதிரானது. உண்மை படாத ஒரு பதில் வேணும்."

அந்தப் பதிலைத் தயாரிக்க அவர்கள் உட்கார்ந்தபோதுதான் டைரக்டர் அந்த வழியாக வந்தார். ஆள் கம்பீரம், குரல் அதைவிடக் கம்பீரம், முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அன்று மருந்துப் பாதுகாப்பு வாரத்தின் நிறைவு விழா. மாமாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"யார் இவர்? இவ்வளவு பணிவா ஒரு நோயாளியை நான் என் சர்வீஸ்ல பார்த்தது கிடையாது!"

"ஐயா, இடுப்பு…" என்று மாமா ஆரம்பித்தார்.

"பேசக்கூட கூச்சப்படுறார்! மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. முன்மாதிரி நோயாளி இவர்தான்."

விழா மண்டபம் நிறைய டாக்டர்கள். மேடையில் மாமாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார முடியாமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கும் கைதட்டினார்கள். படியேறியதில் வலி கூடிவிட்டது. நெற்றியில் வியர்வை சொட்டுவதை நான் கீழிருந்தே பார்த்தேன்.

முதலில் இரண்டு ஊழியர்கள் மாத்திரை வேஷத்தில் மேடைக்கு வந்தார்கள். ஒருவர் வெள்ளை, ஸ்டீராய்டு. ஒருவர் சிவப்பு, வலி மாத்திரை. பஞ்சு அடைத்த பெரிய பெரிய வட்டங்கள், நடுவில் முகம் தெரிய ஒரு ஓட்டை. பிரிவுகளின் ஒற்றுமையைக் காட்டுவதற்காக இரண்டும் கட்டித் தழுவ வேண்டும் என்பது ஏற்பாடு. தொப்பை இடித்துக்கொண்டதே தவிர கை எட்டவில்லை. மூன்றாவது முயற்சியில் ஓடிவந்து மோதி ஆளுக்கொரு பக்கம் உருண்டார்கள். சிவப்பு மேஜைக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. இசைக் குழு தொடர்ந்து வாசித்தது.

அடுத்து நடைபாதைத் துறையின் மருத்துவக் கருத்து வாசிக்கப்பட்டது. "மேற்படி மாத்திரைகள் அருகருகே வைக்கப்பட்டபோது ஒன்றையொன்று தாக்கவில்லை. தண்ணீரில் ஒன்று நிறம் மாற விரும்பியது, அது அதன் சொந்த விருப்பம். எனவே நோயாளி இரண்டையும் சேர்த்து உண்ணலாம், உண்ணாமலும் இருக்கலாம். எதைச் செய்தாலும் நடைபாதையில் செய்யக் கூடாது."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. வலியில் மாமாவின் காதில் 'தாக்கவில்லை', 'உண்ணலாம்' என்ற இரண்டு சொல்தான் விழுந்தது போலிருக்கிறது. கை சட்டைப் பைக்குப் போனது. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினார்.

"மாமா, வேண்டாம்!" என்று கத்தினேன். கைதட்டலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அக்காவின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. மேடைப் பக்கம் ஓடினால், வண்டி நிறுத்தத் தலைவர் குறுக்கே வந்து, "இந்தப் பக்கம் நுழைவு இல்லை" என்றார்.

டைரக்டர் மைக்கைப் பிடித்தார். கூட்டம் அடங்கியது.

"நண்பர்களே! இரண்டு மருந்து சேர்ந்ததால் ஒரு நோயாளிக்குக் கூட இங்கே கெடுதல் நடந்ததாகப் பதிவு இல்லை. ஏன்? அதைப் பதிவு செய்கிற பிரிவையே நான் எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு புகார் இல்லை! இதைவிடப் பாதுகாப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது?" கைதட்டல். "என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன். வலிக்கு நம் கடையிலேயே வாங்கி அந்தச் சிவப்பு மாத்திரையும் போடுகிறேன். இரண்டும் சேர்த்து! எனக்கு என்ன ஆகிவிட்டது? கொஞ்சம் நெஞ்செரிச்சல். நின்றால் கொஞ்சம் தலைசுற்றல். சில நாளாக மலம் தார் மாதிரிக் கருப்பாகப் போகிறது. அவ்வளவுதானே!"

யாரும் கைதட்டவில்லை.

வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் அப்படித்தான் போகும். மாமாவுக்கு அன்று வந்தபோது எங்கள் குடும்பமே படித்த பாடம் அது. மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் எங்களுக்கு முன்பே தெரியும். முன்வரிசையில் வயிற்று டாக்டர் பாதி எழுந்தார், டைரக்டர் முறைப்படி தன் பிரிவில் வந்து காட்டவில்லை என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார். வலிப் பிரிவு டாக்டரம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மாமாவின் மாத்திரை உதட்டில் பட்டபடி நின்றது.

"இதோ நிற்கிறேன் பாருங்கள், மலை மாதிரி!" என்றார் டைரக்டர். சொல்லிவிட்டு அப்படியே சரிந்தார். எழ முடியாமல் கிடந்த வெள்ளை மாத்திரை வேஷக்காரர் மேல் விழுந்ததால் அடிபடவில்லை.

நுரையீரல் டாக்டர்தான் முதலில் மேடைக்குத் தாவினார். நாடியைப் பிடித்துக்கொண்டே கத்தினார். "எந்த மடையன்யா இவரை ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடவிட்டது? ஸ்டீராய்டோட இந்த வலி மாத்திரையைச் சேர்த்தா வயித்துல புண்ணாகி ரத்தம் கசியும்னு படிக்கிற காலத்துலயே தெரியுமேய்யா! வண்டியைக் கொண்டு வாங்க!"

மாமா உதட்டிலிருந்து மாத்திரையை எடுத்தார். மெதுவாக, டாக்டரின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார். ஏற்கெனவே குனிந்துதான் இருந்தார், அதனால் வசதியாக இருந்தது. "அப்ப என் இடுப்பு வலிக்கு என்ன டாக்டர் போடுறது?"

டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை டைரக்டர் மேல், வாய் தன் போக்கில் ஓடியது. "பாரசிட்டமால் போடுங்க, அட்டையில போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீங்க, வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, முன்னாடி புண்ணு வந்த வயிறு, அதனால நாளைக்கு வாங்க, அதுக்குப் பாதுகாப்பா ஒரு மாத்திரை தர்றேன், ஸ்டீராய்டை மட்டும் நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க." எல்லாம் ஒரே மூச்சு. பிறகுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்து, முகம் வெளிறியது. அவர் எல்லை தாண்டியிருந்தார். அதுவும் மைக் பக்கத்தில்.

டைரக்டர் எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்று அங்கே முடிவாகவில்லை. மூட்டும் வயிறும் ரத்தமும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் நுரையீரல் டாக்டரும் நானும் வெள்ளை மாத்திரையும் சேர்ந்து எதிர்த் தெருவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஒரே டாக்டர், ஒரே அறை. எல்லை போட அங்கே இடம் இல்லை. ரத்தம் ஏற்றினார்கள், டைரக்டர் பிழைத்துக்கொண்டார். மாமாவுக்கும் பாரசிட்டமாலும் ஒத்தடமும் கேட்டது. சில நாளில் நிமிர்ந்து பஸ் ஏறினார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் நுரையீரல் டாக்டர் மேல் விசாரணை வந்தது. தன் பிரிவுக்குச் சேராத கேள்விக்கு, பலர் முன்னிலையில், தெளிவாகப் பதில் சொன்னார் என்பது குற்றம். நிரூபணமானால் வேலை போகும். சாட்சி, மாமா.

புறப்படும்போது அக்கா வாசலில் மறித்தாள். "அந்த மனுஷன் வாயைத் திறக்கலைன்னா நான் இந்நேரம் எங்க உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருப்பேனோ. அவர் வேலைக்கு ஏதாவது ஆச்சு, நீங்க இந்த வீட்டுப் படி ஏறாதீங்க." மாமா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

விசாரணை அறையில் அதே குழு உட்கார்ந்திருந்தது. நுரையீரல் டாக்டர் மூலையில் நின்றார். சட்ட ஆலோசகர் கருப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கேள்விக்கு இந்த டாக்டர் பதில் சொன்னாரா, இல்லையா?"

மாமா கண்டக்டர். சில்லறை இல்லை என்று முகம் மாறாமல் சொல்லத் தெரிந்தவர்.

"ஐயா, சத்தியமாச் சொல்றேன்" என்றார். "இந்த ஆஸ்பத்திரியில எந்தக் கேள்விக்கும் யாருமே எனக்குப் பதில் சொன்னது கிடையாது."

நுரையீரல் டாக்டர் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடைபாதைத் துறைத் தலைவருக்கு மூக்கு உறிஞ்சும்படி ஆகிவிட்டது. இத்தனை காலம் உழைத்ததற்கு ஒரு நோயாளி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் மேல் குற்றம் இல்லை என்று எழுதி முடித்தார்கள். சட்ட ஆலோசகர் மட்டும் எழுந்து வந்து மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்ன வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் ஆஸ்பத்திரி வாசலில் போட அனுமதி தருவீர்களா என்று கேட்டார்.

மாமா தாராளமாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டுவிட்டார்கள்.